மாமா வண்டிக்கு முளைத்த கொம்பு

கோதண்டம் மாமாவின் மோட்டார் சைக்கிள் முகத்துவாரக்குப்பத்துக்குள் நுழைந்தால் முதலில் நாய்கள் ஓடும். அப்புறம் கோழிகள் ஓடும். அதற்கும் அப்புறம்தான் வண்டி வரும்.

யுத்தகாலத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிய வண்டி அது. யுத்தம் முடிந்து, பழைய சாமான்களோடு அதையும் ஏலத்தில் விட்டபோது மாமா பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "பட்டாளத்து வண்டி! மலையே ஏறும்!" என்று மார்தட்டுவார். மலை ஏறுமோ என்னவோ, குப்பத்து மணலில் ஏறுவதற்கே நாலு பேர் பின்னால் நின்று தள்ள வேண்டியிருந்தது.

அந்த வண்டியில் ஒரு பெரிய குறை. டாங்கியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்ட அதில் ஒன்றுமே கிடையாது. ஆபத்துக்கு உதவக் கொஞ்சம் பெட்ரோலை ஒதுக்கி வைக்கும் குழாய் ஒன்று ஒரு காலத்தில் இருந்ததாம். அதுவும் எந்தச் சண்டையிலோ உடைந்துபோயிருந்தது.

"மோட்டார் காருல முள்ளு காட்டும்னு சொல்றாங்களே மாமா, இதுல ஏன் இல்ல?" என்று கன்னியம்மா ஒருநாள் கேட்டாள்.

"காருக்காரனுக்குக் காது இல்ல, முள்ளு வச்சிகீறான். எனக்குத்தான் காது கீதே!" என்றார் மாமா.

கிளம்புவதற்கு முன்னால் வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். உள்ளே 'களக் களக்' என்று சத்தம் வந்தால் பெட்ரோல் இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

மாமாவுக்கு ஹார்பர் பக்கத்தில் ஒரு கப்பல் ஆபீசில் வேலை. காகிதங்களை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார். அதனால் எந்தக் கப்பல் வருகிறது, எது போகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். கன்னியம்மாவுக்கு மாமாவைப் பிடிக்கும். அவர் எப்போதாவது கொண்டுவரும் ஒரு செய்தியை அதைவிட அதிகமாகப் பிடிக்கும்.

ஏனென்றால் அவளுடைய அப்பா தேசப்பன் ஒரு சரக்குக் கப்பலில் கலாசி. கயிறு இழுப்பார், தளம் கழுவுவார், வண்ணம் அடிப்பார். கப்பல் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். மெட்ராசுக்கு எப்போதாவதுதான் வரும். வந்தாலும் சரக்கை இறக்கிவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடும். நடுவில் கொஞ்ச நேரம், ஹார்பர் வாசல்வரை வந்து வீட்டு மனிதர்களைப் பார்த்துவிட்டுப் போக அப்பாவுக்கு அனுமதி கிடைக்கும்.

போன தடவை அந்தக் கொஞ்ச நேரமும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு மாமா செய்தியோடு ஓடிவந்தபோது ரயில் அப்போதுதான் போயிருந்தது. அம்மா புஷ்பவல்லி அவசர அவசரமாக மீன் குழம்பு வைத்தாள். பித்தளைத் தூக்கில் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டி, வண்டியின் கைப்பிடியில் மாட்டினாள். மாமா வண்டியை ஆட்டிப் பார்த்தார். களக் களக்.

"ஷோக்கா கீது! போய்ட்டுத் திரும்பியும் வரலாம்!" என்றார்.

திருவொற்றியூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இருமியது. தும்மியது. நின்றேவிட்டது. மூன்று பேரும் வேகாத வெயிலில் தண்டையார்பேட்டை வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்ரோல் போட்டார்கள். ராயபுரம் கடற்கரைக்கு வந்தபோது, ஹார்பரைவிட்டு ஒரு கப்பல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அதானா மாமா?" என்று கன்னியம்மா கேட்டாள்.

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

கன்னியம்மா கையை வீசிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு தூரத்தில் யாருக்குத் தெரியும்? கடைசியில் புகை மட்டும் மிச்சம் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி, அப்பாவுக்கு வைத்த குழம்பை அவர்களே சாப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் கன்னியம்மாவுக்கு ஒரு புதிய பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவின் முகம் நினைவில் இருந்தது. அவர் புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்புகூட நினைவில் இருந்தது. ஆனால் குரல் மட்டும் மறந்துகொண்டே வந்தது. 'கன்னி' என்று எப்படிக் கூப்பிடுவார்? கரகரவென்றா, மெதுவாகவா? கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு தனக்குத்தானே "கன்னி, கன்னி" என்று பல விதமாகச் சொல்லிப் பார்ப்பாள். எதுவும் அப்பா மாதிரி இல்லை. அப்பாவை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவர் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள்தான் முகத்துவாரத்தில் மிதந்த மிதவைக்கட்டை அவள் கண்ணில் பட்டது. கீழே வலை இருக்கும் இடத்தை அந்தக் கட்டை மேலே காட்டிக்கொண்டிருந்தது. யாரும் தண்ணீரில் முங்கிப் பார்க்க வேண்டியதில்லை.

கன்னியம்மா விருட்டென்று எழுந்தாள்.

பெட்ரோலிலும் ஒரு மிதவையைப் போட்டால்? பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறும். இறங்கினால் இறங்கும். ஆனால் டாங்கி மூடியிருக்கிறதே, உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? மிதவையின் தலையில் ஒரு கம்பியைக் குத்தி, அதை மூடி வழியாக வெளியே நீட்டிவிட்டால்?

அடுத்த முறை மாமா வந்ததும் அவரை இழுத்து உட்காரவைத்துச் சொன்னாள். மாமா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"இம்மாந்தூண்டு தலையில இம்மாம் மூளையா! யக்கா, உன் பொண்ணு இஞ்சினீருக்குப் படிக்கட்டும்!" என்று கத்தினார்.

அம்மாவின் உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவினார்கள். மாமா மூடியைக் கழற்றித் தூரமாக எடுத்துப்போய், அதில் ஆணியால் ஓட்டை போட்டார். கன்னியம்மா ஒரு பழைய மிதவைக்கட்டையிலிருந்து சின்னத் துண்டு ஒன்று செதுக்கினாள். கம்பியின் நுனியில் சிவப்பு நூலைச் சுற்றினாள்.

கடைசியாக, குப்பத்தில் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். கட்டைக்குத் தார் பூசினாள்.

முகத்துவாரக்குப்பத்தில் தார் பூசாத பொருளே கிடையாது. படகுக்குத் தார். மிதவைக்குத் தார். கதவின் அடிப்பக்கத்துக்கும் தார். தார் பூசினால் தண்ணீர் ஊறாது. இது அங்கே தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

தார் காய்ந்ததும் டாங்கியில் மாட்டினார்கள். மூடிக்கு மேலே கம்பி விறைப்பாக நின்றது. உச்சியில் சிவப்பு நூல்.

"இன்னா கோதண்டம், உன் வண்டிக்குக் கொம்பு மொளச்சிகீது?" என்று குப்பமே சிரித்தது. மாமாவுக்கு அதில் பெருமைதான்.

மறுநாள் மத்தியானம் மாமா வண்டியில் வரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம், சட்டை எல்லாம் கருப்பு.

"பெட்ரோலு காப்பித்தண்ணி மாரி ஆயிட்ச்சி! பிசுபிசுன்னு போய் எல்லாத்தையும் அடைச்சிகீது. ஒரே பேஜாரு! கழுவி எடுக்கறதுக்குள்ள என் உசுரே பூட்ச்சி!" என்றார். பிடுங்கிய கம்பியை மணலில் வீசினார். "எனக்குக் காதே போதும், தாயே. கொம்பும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

கன்னியம்மா கம்பியை எடுத்துப் பார்த்தாள். கட்டையிலிருந்த தார் அரைகுறையாகக் கரைந்து வழிந்திருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடல்தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் கரையாத தார், பெட்ரோலில் ஒரே நாளில் எப்படிக் கரைந்தது? தண்ணீர் வேறு, பெட்ரோல் வேறு. போட்டுப் பார்க்காமலே முடிவு செய்ததுதான் தப்பு என்று அவளுக்குப் பட்டது. அப்படியென்றால் இந்த முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

"மாமா, ஒரு பாட்டில்ல கொஞ்சூண்டு பெட்ரோலு குடு."

"எதுக்கு? மறுபடியுமா?"

"குடேன் மாமா. நீ மொதல்ல அந்தப் பீடியத் தூரப் போடு."

மாமா பீடியைப் பார்த்தார், பெட்ரோலைப் பார்த்தார். திடுக்கிட்டுப் பீடியைக் கடல் பக்கம் வீசினார். முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் பெட்ரோல் கொடுத்தார்.

கன்னியம்மா அதை வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். தார் பூசாத மரத்துண்டு முதலில் மிதந்தது. பிறகு ஊறி ஊறிக் கீழே இறங்கியது. மெழுகு பூசினாள். மெழுகு கொழகொழவென்று ஆகிவிட்டது. தேங்காய் நார் முழுகியே போனது. கடைசியில் அம்மாவின் இருமல் மருந்து பாட்டில் மூடியாக இருந்த தக்கை அகப்பட்டது. அதை அப்படியே போட்டாள். மிதந்தது. மறுநாள் பார்த்தாள். அப்போதும் மிதந்தது. இன்னும் சில நாள் விட்டுப் பார்த்தாள். அது பாட்டுக்கு மேலேயே இருந்தது.

"மருந்து பாட்டில் மூடிய எவடி எடுத்தது?" என்று உள்ளே அம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

தக்கையில் குடைக்கம்பியைக் குத்தி, புதிதாகச் சிவப்பு நூல் சுற்றி, மாமாவுக்கு முன்னால் போய் நின்றாள் கன்னியம்மா. மாமா பெருமூச்சு விட்டார். அவள் முகத்தைப் பார்த்தபின் அவரால் மறுக்க முடியவில்லை.

"மாட்டித் தொலை. ஆனா நான் என் காதைத்தான் நம்புவேன்."

வண்டிக்கு மறுபடியும் கொம்பு முளைத்தது. டாங்கி நிறைந்திருந்தால் சிவப்பு நூல் உயரத்தில் நின்றது. ஓட ஓட மெதுவாக இறங்கியது. மேடு பள்ளத்தில் தலையை ஆட்டிக்கொண்டு கூத்தாடியது. மாமா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நாட்கள் போயின. மழை வந்து போனது. பிறகு ஒரு காலையில் நாய்கள் ஓடின, கோழிகள் ஓடின, மாமா வந்தார்.

"யக்கா! கன்னி! மச்சான் கப்பல் வந்துட்ச்சி! மத்தியானமே கெளம்புதாம்! எந்திரிங்க, எந்திரிங்க!"

அடுப்பில் குழம்பு தயாராகத்தான் இருந்தது. அம்மா அதைத் தூக்கில் ஊற்றி, மூடியைக் கட்டி, கைப்பிடியில் மாட்டினாள். டாங்கிமேல் கன்னியம்மா, நடுவில் மாமா, பின்னால் அம்மா. மாமா உட்கார்ந்தபடியே வண்டியை ஆட்டினார். களக் களக். வண்டி பறந்தது.

சிவப்பு நூல் கன்னியம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். திருவொற்றியூரைத் தாண்டியபின் அது இன்னும் இறங்கியது. பள்ளத்தில் ஒரு குதி குதித்து, அப்புறம் மூடியின்மேல் படுத்தே விட்டது.

"மாமா! பெட்ரோலு இல்ல! பங்க்ல நிறுத்து!"

"அதெல்லாம் கீது!"

"நூலு கீழ வந்துட்ச்சி மாமா!"

"உன் தக்கை எங்கனா மாட்டிகினு இருக்கும். சத்தம் கேக்குது பாரு, களக் களக்னு! பங்க்ல நின்னா லேட்டாயிடும். இன்னிக்கும் கப்பலை வுட்டுட்டா உங்கம்மா என்னை வூட்லயே சேக்க மாட்டா!"

"ஆமாண்டி, நேரமாவுது. சும்மா வா," என்றாள் அம்மா.

தண்டையார்பேட்டை பங்க் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவேளை தக்கை நிஜமாகவே மாட்டிக்கொண்டிருக்குமோ? தார் விஷயத்தில் அவள் ஏற்கனவே ஒரு தடவை தப்புப் பண்ணியவள்தானே? வீணாக நிறுத்தி அப்பாவைப் பார்க்க முடியாமல் போனால்? நிறுத்தாமல் போய் வண்டி நின்றுவிட்டால்?

களக் களக். களக் களக். சத்தம் தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த டாங்கியிலிருந்து வருகிற மாதிரி இல்லை. கொஞ்சம் முன்னாலிருந்து, இடது பக்கமாக வந்தது. கன்னியம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். பித்தளைத் தூக்கு ஆடிக்கொண்டிருந்தது.

சட்டென்று அதைக் கழற்றிக் கைகளில் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப ஆட்டு மாமா! நல்லா ஆட்டு!"

மாமா வண்டியை நிறுத்தினார். இந்தப் பக்கம் ஆட்டினார். அந்தப் பக்கம் ஆட்டினார். காதை டாங்கியோடு ஒட்டவைத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"அடக் கடவுளே! இத்தினி நேரம் கொழம்பு சத்தத்தையா கேட்டுகினு வந்தேன்?" என்றார் மாமா.

பிறகு அவர் முகம் மெதுவாக மாறியது. "போன தபாவும் இதே தூக்குதானே யக்கா மாட்டியிருந்த?"

அம்மா மாமாவின் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா அதை வாங்கிக்கொண்டு வண்டியைப் பங்க்குக்குள் திருப்பினார்.

"கொஞ்சம் மட்டும் போடுப்பா. சீக்கிரம், சீக்கிரம்!" என்று பங்க்காரரை அவசரப்படுத்தினார்கள். பங்க்காரர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இத்த வச்சிகினு அடுத்த தெருவுக்குக்கூடப் போயிருக்க மாட்ட," என்றார். பெட்ரோல் விழுந்தது. மூடியைப் போட்டதும் சிவப்பு நூல் கொஞ்சம் தலைதூக்கியது.

அதன் பிறகு வண்டி எங்கேயும் இருமவில்லை.

ஹார்பர் வாசலில் ஒரே கூட்டம், லாரி, மாட்டுவண்டி. கன்னியம்மா டாங்கியிலிருந்து குதித்து எல்லாப் பக்கமும் பார்த்தாள். காக்கிச் சட்டைகள், தலைப்பாகைகள், மூட்டைகள். தெரிந்த முகமே இல்லை. போய்விட்டாரோ?

"கன்னீ!"

கரகரவென்றும் இல்லை, மெதுவாகவும் இல்லை. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, பாதிச் சிரிப்போடு கூப்பிடுகிற குரல். இதுதான். இதையா மறந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நைனா!"

ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்ள நினைத்தாள். அவள் வளர்ந்துவிட்டதால் தலை அவர் நெஞ்சில் போய் இடித்தது. அப்பாவின்மேல் கரியும் வண்ணமும் உப்பும் கலந்த வாசனை அடித்தது. அம்மா தூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

வாசல் சுவரோரம் உட்கார்ந்து அப்பா மீன் குழம்பை அப்படியே தூக்கிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "போன தபா இதே எடத்துலதான் நின்னுகினு இருந்தேன். கப்பல் சங்கு ஊதற வரைக்கும் நின்னேன். அப்பாலதான் ஓடினேன்."

கன்னியம்மா அப்பாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தான் மட்டும்தான் காத்திருந்ததாக இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதுதான் மச்சான்," என்றார் மாமா தரையைப் பார்த்து. பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். களக் களக், தார், தக்கை, கொம்பு, குழம்பு. அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, அம்மா தலையில் தட்ட வேண்டியதாயிற்று. வண்டியிடம் போய்ச் சிவப்பு நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"என் பொண்ணு செஞ்சதா?" என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார்.

கன்னியம்மா பாவாடையில் முடிந்து வைத்திருந்த ஒன்றை எடுத்து நீட்டினாள். மறுபடியும் தார் பூசிக் கயிறு கட்டிய அந்தப் பழைய மரத்துண்டு.

"இது பெட்ரோலுக்கு ஆவாது நைனா. ஆனா கடலுக்கு நல்லா ஆவும். நீ வச்சிக்க."

அப்பா அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அப்போது சங்கு ஊதியது. அவர் கன்னியம்மாவின் தலையில் கைவைத்தார். "வரேன், கன்னீ" என்றார். வாசலுக்குள் நுழைந்தபின் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ராயபுரம் கடற்கரையில் நின்று அவர்கள் கப்பல் போவதைப் பார்த்தார்கள். இந்த முறையும் கன்னியம்மா கையை வீசினாள். இந்த முறையும் கடைசியில் புகைதான் மிச்சம். ஆனால் காதுக்குள் அந்தக் குரல் இருந்தது.

திரும்பும் வழியில் யாரும் சொல்லாமலே மாமா தண்டையார்பேட்டை பங்க்கில் வண்டியை நிறுத்தினார்.

"ஏன் மாமா? வூட்டுக்குப் போவ இருக்கற பெட்ரோலு போதுமே?" என்றாள் கன்னியம்மா.

"போதும்தான். ஆனா அடுத்த தபா கப்பல் எப்ப வருமோ, யாருக்குத் தெரியும்? இனிமே டாங்கி எப்பவும் ரொம்பியே கெடக்கட்டும்," என்றார் மாமா. பங்க்காரரிடம், "மூடிய முழுசா எடுக்காத, சும்மா தூக்கிப் புடிச்சிகினே ஊத்துப்பா, கொம்பு பத்திரம்!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

சிவப்பு நூல் மெல்ல மெல்ல மேலே ஏறி வருவதைக் கன்னியம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.